விண்வெளிக்குப் போகும் கருவிகள்: சின்ன நிறுவனங்களை நாசா நாடுவது ஏன்?

1999 ஜனவரி. ஹப்பல் விண்வெளித் தொலைநோக்கியில் இருந்த 'நிக்மோஸ்' கேமரா வேலை செய்யாமல் நின்றுபோனது.

கேமரா பழுதாகவில்லை. அதைக் குளிர்ச்சியாக வைத்திருந்த நைட்ரஜன் பனிக்கட்டி, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான். ஆனால் அகச்சிவப்புக் கதிர்களைப் படம்பிடிக்கும் கேமராவுக்குக் குளிர்ச்சிதான் உயிர். அது சூடானால் அதன் சொந்த வெப்பமே படத்தைக் கெடுத்துவிடும்.

2002 மார்ச்சில் விண்வெளி வீரர்கள் ஹப்பலுக்குப் போய் ஒரு புதிய குளிர்விப்பானைப் பொருத்தினார்கள். கேமரா மறுபடியும் படம் எடுக்க ஆரம்பித்தது.

அதை உருவாக்கியது யார் தெரியுமா? நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்தில் உள்ள 'கிரியேர்' என்ற சிறிய பொறியியல் நிறுவனம்.

சாதாரணக் குளிர்விப்பான் அதிரும். கேமரா அதிர்ந்தால் படம் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். கிரியேரின் கருவியில் இருந்தவை மிகச் சிறிய சுழலிகள். நிமிடத்துக்கு 400,000 முறை வரை சுழலும். ஆனால் அதிர்வு கிட்டத்தட்ட இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: ஹப்பலுக்குப் பிரச்சினை வந்த பிறகு கிரியேர் இதைத் தொடங்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே, இதை யார் வாங்குவார்கள் என்று தெரியாத காலத்திலேயே தொடங்கிவிட்டது. அதற்குப் பணம்?

பணம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் சிறு வணிகப் புத்தாக்க ஆய்வுத் திட்டத்திலிருந்து. சுருக்கமாக எஸ்பிஐஆர். 1982இல் சட்டமானது.

வெளியாருக்குக் கொடுக்கும் ஆய்வு, மேம்பாட்டுப் பணிகளுக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் டாலருக்குமேல் செலவிடும் அரசாங்க அமைப்புகள், அதில் 3.2 விழுக்காட்டைச் சிறிய நிறுவனங்களுக்கென்று ஒதுக்க வேண்டும். நாசாவும் அவற்றில் ஒன்று.

'சிறிய' என்றால்? 500 பேருக்குமேல் வேலை செய்யக்கூடாது. பெரும்பான்மை உரிமை அமெரிக்கர்களிடம் இருக்க வேண்டும்.

இந்தத் திட்டம் விண்வெளிக்கு மட்டும் இல்லை. உங்கள் கைத்தொலைபேசியில் 'குவால்காம்' சில்லு இருக்கலாம். அந்த நிறுவனமும் ஆரம்ப காலத்தில் எஸ்பிஐஆர் பணம் பெற்றதுதான்.

எப்படிச் செயல்படுகிறது?

மூன்று கட்டங்கள்:

- முதல் கட்டம்: "இது நடக்குமா?" என்பதைக் காட்ட வேண்டும். நாசா இதற்கு 150,000 டாலர் வரை தந்திருக்கிறது. அவகாசம் சுமார் 6 மாதம்.
- இரண்டாம் கட்டம்: மாதிரிக் கருவியைச் செய்து சோதிக்க வேண்டும். 850,000 டாலர் வரை, சுமார் 2 ஆண்டு.
- மூன்றாம் கட்டம்: எஸ்பிஐஆர் பணம் கிடையாது. நாசாவின் வேறொரு பிரிவோ தனியார் நிறுவனமோ அதை வாங்க முன்வர வேண்டும்.

இது கடன் இல்லை. யோசனை பலிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. நிறுவனத்தில் நாசா பங்கும் கேட்காது. கண்டுபிடிப்பின் உரிமை நிறுவனத்திடமே இருக்கும். அரசாங்கம் அதைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இவ்வளவு தாராளம் ஏன்?

நீங்களே ஒரு வங்கி அதிகாரி என்று வச்சுக்குவோம். ஒருவர் வந்து, "நிலவு மண்ணைச் சேகரிக்க ஒரு கருவி செய்யப்போறேன், கடன் கொடுங்க" என்கிறார். "யார் வாங்குவாங்க?" என்று கேட்கிறீர்கள். "நாசா வாங்கலாம், 10 வருஷம் கழிச்சு" என்கிறார். கொடுப்பீங்களா?

கொடுக்க மாட்டீங்க. முதலீட்டாளர்களும் பெரும்பாலும் தயங்குவார்கள். விண்வெளிக் கருவிகளில் பலவற்றுக்கு உலகத்திலேயே ஒன்றிரண்டு வாடிக்கையாளர்கள்தான். அதனால் அந்த வாடிக்கையாளரே முன்கூட்டிக் கொஞ்சம் பணம் போட வேண்டியிருக்கிறது.

நாசாவுக்கும் இது லாபம்தான். பத்துப் பேரிடம் சிறு தொகை கொடுத்துப் பார்க்கலாம். ஏழு பேரின் யோசனை தோற்றாலும், எந்த வழி சரிப்படாது என்பது குறைந்த செலவில் தெரிந்துவிடும்.

மூன்றாம் கட்டத்தைத் தாண்டியவர்கள்

கொலராடோ மாநிலத்தின் 'அட்வான்ஸ்ட் ஸ்பேஸ்' நிறுவனம் ஒரு மென்பொருளை உருவாக்கியது. நிலவுக்கு அருகே செல்லும் ஒரு விண்கலம், பூமியின் உதவியைப் பெரிதும் நம்பாமல், இன்னொரு கலத்துடன் தொடர்புகொண்டு தன் இருப்பிடத்தைக் கணிக்க உதவும் மென்பொருள் அது. எஸ்பிஐஆர் ஆதரவில் வளர்ந்த யோசனை.

2019இல் நாசா 13.7 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. 2022 ஜூன் 28ஆம் தேதி 'கேப்ஸ்டோன்' விண்கலம் நியூசிலந்திலிருந்து கிளம்பியது. மைக்ரோவேவ் அடுப்பு அளவுதான், எடை சுமார் 25 கிலோகிராம். வழியில் கட்டுப்பாட்டை இழந்து சுழன்றது. குழு அதை மீட்டது. நவம்பர் 13ஆம் தேதி நிலவைச் சுற்றும் பாதைக்குள் நுழைந்தது.

இன்னொரு எடுத்துக்காட்டு, 'மேட் இன் ஸ்பேஸ்'. 2010இல் தொடங்கிய நிறுவனம். அதன் முப்பரிமாண அச்சு இயந்திரம் 2014இல் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போனது. அங்கே ஒரு கருவி தேவைப்பட்டால் பூமியிலிருந்து ராக்கெட் வரும்வரை காத்திருக்கணுமா? வேண்டாம். கோப்பை அனுப்பினால் போதும். அந்த டிசம்பரில் ஒரு திருகுசாவி அப்படித்தான் அங்கேயே அச்சானது.

அப்போ சிக்கல் எங்கே?

இரண்டு இடங்களில்.

முதலாவது, இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் இடையே உள்ள பள்ளம். கருவி தயார், சோதனையும் முடிந்தது. ஆனால் வாங்க ஆள் இல்லை. வாடகையும் சம்பளமும் மாதாமாதம் வந்து நிற்கும். நல்ல யோசனைகள் இங்கேதான் நின்றுபோகின்றன.

இரண்டாவது, திட்டத்துக்கே ஆயுள் நிச்சயமில்லை. அதன் சட்ட அனுமதியை நாடாளுமன்றம் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். 2022இல் காலக்கெடு முடியும் அதே நாளில்தான் 3 ஆண்டு நீட்டிப்பு கையெழுத்தானது. 2025 செப்டம்பர் 30ஆம் தேதி அதுவும் நடக்கவில்லை. அனுமதி காலாவதியானது. புதிய நிதியுதவி வழங்க வழியில்லாமல் போனது.

ஏன்? கருத்து வேறுபாடு. சில நிறுவனங்கள் எதையும் விற்காமல் நிதியுதவியிலேயே ஓட்டுகின்றன, ஒரு நிறுவனம் பெறும் தொகைக்கு வரம்பு வேண்டும் என்றார் செனட்டர் ஜோனி எர்ன்ஸ்ட். செனட்டர் எட் மார்க்கியோ திட்டத்தை நிரந்தரமாக்கச் சொன்னார்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வாதம் நடக்கும்போது காத்திருப்பது யார்? 5,000 பேர் வேலை செய்யும் நிறுவனம் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளும். 15 பேர் வேலை செய்யும் நிறுவனத்திலிருந்து இரண்டு பொறியாளர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால், அவர்கள் கற்றுக்கொண்டதும் அவர்களோடு போய்விடும்.

நமக்கு இதில் என்ன?

சிங்கப்பூர் நிறுவனங்கள் எஸ்பிஐஆர் நிதிக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆனால் அதே கேள்வி இங்கேயும் உண்டு. சிங்கப்பூர் 2022இல் 150 மில்லியன் வெள்ளி விண்வெளித் தொழில்நுட்ப மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான 'அலியனா' நிறுவனம் சிறிய துணைக்கோளங்களுக்கு உந்துவிசை இயந்திரம் செய்கிறது.

நீங்க பொறியியல் படிக்கிறீங்களா? இந்தத் துறையில் வேலை தேடும் எண்ணம் இருக்கா? அப்படியென்றால் அடுத்தமுறை "விண்வெளி ஆய்வுக்கு இத்தனை மில்லியன்" என்ற செய்தியைப் படிக்கும்போது, தொகையோடு நின்றுவிடாதீங்க. அந்தப் பணம் எத்தனை ஆண்டுக்கு உறுதி? கருவி தயாரானதும் முதலில் வாங்கப்போவது யார்? அதையும் தேடிப் பாருங்க.

கிரியேருக்கு இரண்டுமே அமைந்தன: பணம் பல ஆண்டுகள் வந்தது, வாங்க ஹப்பல் இருந்தது.