லாப்டாப்புக்கு மூச்சு முட்டுகிறது!

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய பிள்ளை இஞ்சினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். வரைபடப் பாடங்களுக்குச் சக்தி வாய்ந்த யந்திரம் வேண்டும் என்றதால், வளையலை அடகு வைத்து, விளையாட்டுக்கென்றே தயாராகும் பெரிய ரக லாப்டாப்பை வாங்கிக் கொடுத்தாராம். இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடியது. இப்போதோ கால் மணி நேரத்தில் அனலாய்க் கொதிக்கிறது. படம் விட்டு விட்டு ஓடுகிறது. "ராப்பகலாய் ஆடிக் கெடுத்து விட்டான்" என்கிறார் அவன் அப்பா. "மதர்போர்டு போய் விட்டது, பாதி விலை ஆகும்" என்கிறார் ரிப்பேர்க் கடைக்காரர். "வளையலையே இன்னும் மீட்கவில்லை, என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார் சகோதரி.

அம்மா, பணத்தை எடுத்து நீட்டுமுன் கொஞ்சம் பொறுங்கள்.

அந்தப் பெட்டிக்குள் சூடு கிளப்புகிறவர்கள் இருவர். கணக்குப் போடும் பிராஸஸர் ஒருவர். படம் தீட்டும் கிராஃபிக்ஸ் சிப் மற்றொருவர். விளையாட்டு நேரத்தில் இருவருமாகச் சேர்ந்து 100 வாட்டுக்கு மேல் மின்சாரம் குடிப்பது உண்டு. அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பைக் கையால் தொட முடியுமோ? அதை ஒரு புஸ்தகத்துக்குள் வைத்து மூடினால் எப்படி இருக்கும்? சங்கதி அதுதான்.

இந்தச் சூட்டை வெளியேற்றத் தட்டையான செப்புக் குழாய்களைப் பொருத்தியிருக்கிறார்கள். இட்லிப் பானையில் தண்ணீர் ஆவியாகி, மூடியில் பட்டுக் குளிர்ந்து மறுபடி சொட்டுகிறதல்லவா? அதே தந்திரம்தான். குழாய்க்குள் இருக்கும் துளி நீர், சூடான முனையில் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து திரும்பி வருகிறது. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் ஆலமோஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ஜார்ஜ் க்ரோவர் என்ற விஞ்ஞானி உருவாக்கிய முறை இது. குழாயின் மறுமுனையில் சீப்புப் பற்கள் போல் மெல்லிய தகடுகள். அவற்றின் ஊடே விசிறி காற்றை ஊதுகிறது.

இரண்டு வருஷத்துத் தூசி அந்தப் பற்களுக்கு முன்னால் கம்பளித் துண்டு மாதிரி படிந்து விட்டால் விசிறி பாவம் என்ன செய்யும்? சத்தம்தான் போடும். உள்ளே 95, 100 டிகிரி என்று உஷ்ணம் ஏறும். அப்போது பிராஸஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்கிறது. மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கினால் நாம் நின்று நின்று ஏறுவதில்லையா? திரையில் தெரியும் திக்கல் பெரும்பாலும் இதுதான். யந்திரம் சாகவில்லை, சாகாமல் இருக்கப் பார்க்கிறது.

ஆனால் எல்லாத் திக்கலுக்கும் சூடு காரணமல்ல. வீட்டிலேயே சோதிக்கலாம். காலையில் யந்திரம் ஆறியிருக்கும்போது, சார்ஜரைச் செருகியபடி, பிள்ளையை ஆடிக் காட்டச் சொல்லுங்கள். உஷ்ணம் காட்டும் இலவச புரோகிராம்கள் இருக்கின்றன, அவனுக்கே தெரிந்திருக்கும். முதலில் நன்றாக ஓடி, உஷ்ணம் தொண்ணூறைத் தாண்டிய பிறகு திக்கினால், குற்றவாளி சூடு. 70 டிகிரியிலேயே, முதல் நிமிஷத்திலிருந்தே திக்கினால் வேறு காரணம் தேட வேண்டும். டிஸ்க் நிரம்பியிருக்கலாம், ராம் போதாமல் இருக்கலாம், பின்னணியில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கலாம்.

சூடுதான் என்று தெரிந்தால், செலவில்லாத வைத்தியத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

மெத்தை, தலையணை இரண்டும் கூடாது. காற்று உள்ளே போகும் துவாரங்கள் அடிப்பக்கம் இருக்கின்றன. அவற்றை மெத்தை அடைத்து விடும். மேஜைமேல் வைத்து, பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுங்கள். சில டிகிரி குறைவதைப் பார்ப்பீர்கள். மடியில் வைத்து ஆடுவதும் ஆகாது. தினமும் மணிக்கணக்கில் அப்படி ஆடிய 12 வயதுப் பையனின் தொடையில் வலைபோல் கறை படிந்ததை, 2010-ல் ஸ்விட்ஸர்லாந்து டாக்டர்கள் மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது, வீண் உழைப்பைக் குறையுங்கள். வினாடிக்கு 60 படம் காட்டும் திரைக்கு 150 படம் தீட்டித் தள்ளுவதில் என்ன லாபம்? விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் 60 என்று வரம்பு கட்டச் சொல்லுங்கள். உஷ்ணமும் சத்தமும் கணிசமாகக் குறையும்.

மூன்றாவது, தூசி. யந்திரத்தை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி விட்டு, காற்றுப் பீச்சும் டப்பாவால் துவாரங்களில் விட்டு விட்டு ஊதலாம். அப்போது விசிறி தாறுமாறாகச் சுற்றாதபடி ஒரு பல்குத்தும் குச்சியால் மெல்லத் தடுத்துக் கொள்ள வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போய்ச் சேரும், வேண்டாம்.

இவற்றுக்கும் மசியாவிட்டால்தான் கடை. "உள்ளே திறந்து தூசி எடுத்து, சிப்பின் மேலுள்ள பசையை மாற்றித் தாருங்கள்" என்று கேளுங்கள். சிப்புக்கும் செப்புக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் அந்தப் பசை, சில வருஷங்களில் காய்ந்து போகும். போர்டு மாற்றுகிற செலவில் இது ஒரு சிறு பங்கே. ஒன்று கவனம்: சில ரகங்களில் பசைக்குப் பதில் திரவ உலோகம் இருக்கும். அது சிந்தினால் போர்டையே கெடுத்துவிடும். ஆகவே மாடலைச் சொல்லி விசாரித்த பிறகே திறக்கச் சொல்லுங்கள். வாரண்டி பாக்கியிருந்தால் கம்பெனி சர்வீஸுக்கே போங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, விரலால் தடவும் பலகை மேலெழும்பியிருந்தாலோ, பாட்டரி வீங்கி விட்டது என்று அர்த்தம். உடனே அணைத்து விடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்தி அழுத்திப் பார்க்காதீர்கள். தீப்பிடிக்கக் கூடிய சமாசாரம் அது. நேரே சர்வீஸுக்கு எடுத்துச் சென்று பாட்டரியை மாற்றி விடுங்கள்.

கோடையில் இன்னொரு சங்கடம். அறை 28 டிகிரியிலிருந்து 38-க்கு ஏறினால், அந்தப் பத்து டிகிரியும் ஏறக்குறைய அப்படியே உள்ளேயும் ஏறும். சித்திரை வைகாசியில் மத்தியான ஆட்டத்தை ராத்திரிக்குத் தள்ளிப் போடுவது யந்திரத்துக்கும் நல்லது, பையனுக்கும் நல்லது.

கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்: "என்ன சோதனை செய்து போர்டு போயிற்று என்கிறீர்கள்?" பதில் திருப்தியாயில்லாவிட்டால் இன்னொரு கடையில் காட்டுங்கள். ஆறியிருக்கும்போது நன்றாக ஓடுகிற யந்திரத்தில், போர்டைச் சந்தேகிக்குமுன் தூசியைச் சந்தேகிப்பதே நியாயம்.

பிள்ளையின் அப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பையன் பாடத்துக்கு வரைந்திருந்தாலும் இதே தூசிதான் படிந்திருக்கும். எவ்வளவு நேரம் ஆடலாம் என்பது தனி வழக்கு. அதை வீட்டில் நிதானமாகப் பேசித் தீருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தூசி தட்டும் பொறுப்பைப் பையனிடமே விடுங்கள். அம்மாவின் வளையல் எதற்காக அடகுக்குப் போயிற்று என்பது அவனுக்கும் தெரியுமல்லவா?