எந்தச் சரக்கு, எவ்வளவு?

நாட்டு மருந்துக் கடையில் ‘இயற்கை’ என்று ஒரு சரக்கு கிடையாது. கார்போக அரிசி உண்டு, பூலாங்கிழங்கு உண்டு, வெட்டிவேர், ஆவாரம்பூ, கோரைக்கிழங்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஓர் அளவு; சிலவற்றுக்குக் கட்டாயமாகச் சுத்தி முறை. மதுரையில் தாத்தா தொடங்கிய கடையில் அப்பாவுக்குப் பிறகு நான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தச் சரக்குகளை விற்றுத்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. அந்த உரிமையில் சொல்கிறேன்: ‘முழுக்க இயற்கையானது, பக்கவிளைவே இல்லை’ என்று மேலே அச்சிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்பதை மறைத்து விற்கும் குளியல் பொடிகளும் முகப்பூச்சுகளும் எங்கள் மரபுக்கே எதிரானவை.

நம் வைத்தியர்கள் மூலிகை என்றால் தீங்கில்லை என்று ஒருநாளும் நம்பியவர்கள் இல்லை. சேராங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாலால் சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி போடுவார்கள். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. அந்தக் குறி பட்ட இடத்தில் தோல் கொப்புளித்துப்போன அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றி ராணுவ மருத்துவர்கள் 1943-இலேயே எழுதியிருக்கிறார்கள். சித்த மருத்துவம் இந்தக் கொட்டையை மருந்தாக்குகிறது. ஆனால் மூக்கை அரிந்து சுத்தி செய்த பிறகுதான். மத்திய அரசின் மருந்து விதிகளில் நச்சுச் சரக்குகளுக்கென்றே இ(1) என்று ஓர் அட்டவணை உண்டு. சேராங்கொட்டை, எட்டி, குன்றி, நேர்வாளம் எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லாமே மண்ணில் விளைந்தவை.

சேராங்கொட்டையை யாரும் முகத்தில் பூசுவதில்லை. கார்போக அரிசியைப் பூசுகிறார்கள். சிறிய கறுப்பு விதை, நல்ல வாசனை. நலங்கு மாவுக்குச் சீட்டு எழுதிக்கொண்டு வருபவர்களில் பலர் இதைக் கேட்பார்கள். வெண்புள்ளிக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக இதைத்தான் கொடுத்துவந்தார்கள். மருந்தைப் பூசிவிட்டு, வெயிலில் காட்டச் சொல்வார்கள். விதையில் உள்ள சோரலென் என்ற பொருள் புறஊதாக் கதிர் பட்டதும் வேலை செய்யத் தொடங்கித் தோலில் நிறத்தைக் கூட்டும். இன்றைக்குத் தோல் மருத்துவர்கள் தரும் ஒருவகை ஒளிச் சிகிச்சையிலும் இதே சோரலென் இனத்துப் பொருள் உண்டு, அளந்து கொடுக்கப்பட்ட அளவில். அளவு மீறினால் தோல் சிவந்து கொப்புளித்து, பிறகு கருத்துப்போகும். குளியல் பொடியில் ஒரு சிட்டிகை சேர்த்து உடனே கழுவிவிட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. அதையே முகத்தில் குழைத்துப் பூசி, அரைமணி நேரம் காயவிட்டுப் பட்டப்பகல் வெயிலில் கிளம்பினால் கதை வேறு. நிறம் வேண்டும் என்று பூசுபவர்களுக்கு இந்த விதையின் தொழிலே கருக்கவைப்பதுதான் என்று யார் சொல்கிறார்கள்? பொட்டலத்தில் பெயரே இல்லாதபோது எப்படித் தெரியும்?

எலுமிச்சைச் சாற்றிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு. முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போகிறவர்களில் சிலருக்குச் சில நாள் கழித்துக் கரும்படை கிளம்பும். சாறு பட்ட நாளை மறந்துபோயிருப்பதால், எதனால் வந்தது என்றே பலருக்குப் புரிவதில்லை.

என்னை அதிகம் கவலைப்படவைப்பது குழந்தைகள் விஷயம். கரப்பான் வந்து தோல் வெடித்திருக்கும் குழந்தைக்கு, “அக்கா, சோப்பு வேண்டாம், இயற்கையாப் பொடி போட்டுக் குடுங்க” என்று இளம் தாய்மார்கள் கேட்கிறார்கள். பொடியில் சேரும் பாசிப்பயறும் கடலைப்பருப்பும் சாப்பிடும் பொருள்கள்தானே என்பது அவர்கள் எண்ணம். சாப்பிடும் பொருள் என்பதாலேயே யோசிக்க வேண்டும். பிரிட்டனில் கிடியன் லாக் என்ற மருத்துவரின் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தோல் புண்பட்ட குழந்தைகளுக்கு நிலக்கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளைத் தடவியதற்கும், பின்னால் அவர்களுக்கு நிலக்கடலை ஒவ்வாமை வந்ததற்கும் தொடர்பு தெரிந்தது. ஜப்பானில் நடந்தது இன்னும் பெரிது. தேயிலையின் பெயரில் விற்ற ஒரு முகச் சோப்பில் கோதுமைப் புரதத்தைச் சேர்த்திருந்தார்கள். நாள்தோறும் அதில் முகம் கழுவியவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை ரொட்டி சாப்பிட்டுவந்தவர்கள், ரொட்டி சாப்பிட்டதும் முகம் வீங்கி மூச்சுத் திணறினார்கள். 2011-இல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். வயிறு பழகி ஏற்றுக்கொள்ளும் ஒரு புரதத்தை, வெடித்த தோல் வழியாக உள்ளே போகும்போது உடம்பு பகையாக எடுத்துக்கொள்ளக்கூடும். பயறும் பருப்பும் புரதம் நிறைந்தவை.

“எங்க பாட்டி இதைத்தான் தேய்ச்சாங்க” என்பார்கள். உண்மைதான். ஆனால் பாட்டி தன் கையால் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, வீட்டுக்கு வேண்டிய அளவு மட்டும் அரைத்தார். என்ன சேர்ந்தது என்று அவருக்குத் தெரியும். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்றும் தெரியும். இன்றைய பொட்டலம் எப்போது அரைத்தது, எத்தனை மாதம் ஈரக்காற்றில் கிடந்தது என்பது தெரியாது. கஸ்தூரி மஞ்சள் என்று கேட்பவர்களுக்குப் பல இடங்களில் மஞ்சள் கூவைதான் கிடைக்கிறது. நல்ல கஸ்தூரி மஞ்சளை உடைத்தால் உள்ளே வெளிறித்தான் இருக்கும், கற்பூர வாசம் வரும். பளிச்சென்று மஞ்சளாக இருப்பதைத்தான் வாங்குகிறவர் நல்லது என்று எடுத்துப்போகிறார்.

சட்டம் இருக்கிறது. விற்பனைக்கு அழகுசாதனம் தயாரிக்க உரிமம் வேண்டும், சேர்மானங்களைப் பொட்டலத்தில் எழுத வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் விதிகள். கைப்பேசி வழியாக விற்கும் வீட்டுத் தயாரிப்புகளில் பலவற்றில் ‘21 மூலிகைகள்’ என்பதோடு எழுத்து முடிந்துவிடுகிறது. கேட்டால் குடும்ப ரகசியம் என்கிறார்கள். தோலில் பூசும் பொருளில் ரகசியம் கூடாது. சரக்கின் பெயரைத் தமிழில் எழுதட்டும், நூறு கிராமில் எது எத்தனை கிராம் என்று எழுதட்டும், அரைத்த தேதியைப் போடட்டும். கார்போக அரிசி சேர்த்திருந்தால், பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள் என்ற ஒரு வரியை அரசு கட்டாயமாக்கட்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்தப் பொட்டலங்களை வாங்கிச் சோதித்து முடிவை வெளியிட வேண்டும். நேர்மையாகச் சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு இதனால் நட்டமில்லை, நம்பிக்கை கூடும்.

வாங்குகிறவர்களும் முழங்கை மடிப்பில் சிறிது தடவி இரண்டு நாள் பார்க்கலாம். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தச் சரக்கு உங்களுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

என் கடையில் குளியல் பொடிப் பொட்டலத்தோடு சேர்மானச் சீட்டைத் தைத்துத்தான் கொடுக்கிறேன். கைக்குழந்தைக்கு என்று சொன்னால் கார்போக அரிசி சேர்ப்பதில்லை. கரப்பான் உள்ள குழந்தை என்றால் பொடியே கொடுப்பதில்லை. தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.