ஜெராக்ஸ் கட்டுக்கு யார் பொறுப்பு?

தோழர்களே, தூய்மைப் பணிக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்ததாரர் என்னென்ன கேட்கிறார் என்று ஒரு தொழிலாளியிடம் விசாரித்துப் பாருங்கள். ஆதார், பான், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், போட்டோ, சில இடங்களில் சாதிச் சான்றிதழும். சூப்பர்வைசர் அவற்றைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஜெராக்ஸ் கட்டு ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். டெண்டர் முடிந்து அடுத்த நிறுவனம் வந்தால், அதே ஆட்கள், அதே துடைப்பம், மறுபடி முதலிலிருந்து ஜெராக்ஸ். பழைய கட்டு எங்கே போனது?

கூலித் தொழிலாளி பெயரில் போலி நிறுவனம் நடத்தி, அவருக்கு லட்சக்கணக்கில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். தன் பெயரில் யாரோ கடன் வாங்கியது பல பெண்களுக்குத் தெரிவதே, சுயஉதவிக் குழுக் கடனுக்கு வங்கிக்குப் போகும்போதுதான். "உங்க பேர்ல பாக்கி இருக்கே" என்பார்கள். இல்லை என்று நிரூபிக்க அலைவது அவர் வேலை. அலையும் நாளுக்குக் கூலியும் கிடையாது.

அடையாளத்தைத் திருடியவரைத் தண்டிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி பிரிவு இருக்கிறது. கதவைத் திறந்து போட்டவருக்கு? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். ஏமாற்றப்பட்டவருக்கு அதில் ஒரு ரூபாய் இல்லை. இழப்பீடு கேட்க வழிவிட்ட 43ஏ பிரிவும் இந்தச் சட்டம் முழுமையாக அமலானதும் போய்விடும். இன்னொன்று, இது டிஜிட்டல் தரவுக்கு மட்டுமான சட்டம். வாட்ஸ்அப் படம் இதற்குள் வரும்; ஸ்கேன் செய்யாத ஜெராக்ஸ் கட்டு வராது.

சாதி விவரமும் அந்தக் கட்டில்தான் இருக்கிறது. 2011 விதிகள் கடவுச்சொல், வங்கி விவரம், உடல்நலம், கைரேகை ஆகியவற்றைத் தனிக் கவனம் தேவைப்படும் தகவல்களாகப் பட்டியலிட்டன. சாதி அதில் இல்லை. புதிய சட்டத்தில் அப்படிப் பட்டியலே இல்லை. வாடகைக்கு வீடு தேடும்போது சாதியைச் சொல்ல அஞ்சும் மக்களின் சான்றிதழ் யார் யார் போனிலோ கிடப்பது சட்டம் எழுதியவர்களுக்கு உறுத்தவில்லை.

கேட்டால், "அவங்க ஒப்பந்ததாரரோட ஆளுங்க" என்று மாநகராட்சி கைகழுவும். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று 1970இலேயே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கூலிக்கு ஏற்ற பொறுப்பை ஆவணத்துக்கும் ஏற்கட்டும். பழைய நிறுவனத்திடமிருந்து ஆவணங்களைத் திரும்ப வாங்குவதும், திருட்டு நடந்தால் தொழிலாளிக்கு நேரடி இழப்பீடும் டெண்டரிலேயே நிபந்தனையாக வேண்டும்.

கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள் என்று அக்காமாருக்கு உபதேசம் செய்யக் கிளம்பாதீர்கள். அதைக் கொடுத்தால் சூப்பர்வைசர் வேலையில்லை என்பார். அதற்குப் பதில் உங்கள் ஊர் மாநகராட்சிக்கு 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள்: கடந்த ஒப்பந்தம் முடிந்தபோது தொழிலாளர் ஆவணங்கள் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன, எந்தத் தேதியில்?