புகைபோக்கியில் போகும் பணம்

பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரைத் தரிசித்துக் காரைக்குடிக்கு வரும் அன்பர்கள், அங்குள்ள மத்திய மின்ரசாயன ஆராய்ச்சி நிலையத்தை வெளியில் நின்றாவது பார்த்துவிட்டுப் போக வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் நேருஜி அஸ்திவாரக்கல் நாட்டிய இடம் அது.

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதற்கேற்ற ஊக்கிகளை அங்கே ஆராய்கிறார்கள். வித்தை பழையதுதான், மின்சாரச் செலவே தொல்லை. கணக்குப்படி 1.23 வோல்ட் வேண்டும். அந்த நீரிலேயே கந்தக டையாக்ஸைடைக் கரைத்துவிட்டாலோ 0.17 வோல்ட் போதும்! (நடைமுறையில் இரண்டுமே கூடும் என்பது வேறு விஷயம்.) ஒரு முனையில் ஹைட்ரஜன் வரும், மறுமுனையில் பிராணவாயுவுக்குப் பதிலாகக் கந்தகாமிலம் உண்டாகும். உரத் தொழிலுக்கு அது இன்றியமையாதது.

நிலக்கரிப் புகையில் கலந்து நம் மூச்சைத் திணற வைப்பதும் இதே வாயுதான். அயல்நாட்டுக் கந்தகத்தைக் காசு கொடுத்து வாங்கும் நாம், உள்நாட்டுக் கந்தகத்தைக் குழந்தைகளின் நெஞ்சுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் புகையில் இவ்வாயு சொற்பம்; பிரித்துச் சேர்ப்பதற்குச் செலவாகும். ஊக்கியாகப் பயன்படும் பிளாட்டினமோ பொன்னைப் போல் அருமையானது. மலிவான மாற்று ஊக்கியைக் காரைக்குடியிலேயே யாரேனும் கண்டுபிடித்துவிட்டால், பிள்ளையார்பட்டியில் மோதகம் நிவேதனம் செய்ய நாமும் வருகிறோம்.