ஒன்று வாங்கினால் ஊரே வரும்!



நம் வீட்டுச் சுவரில் பல்லி ஓடினால், துடைப்பத்தைத் தேடுகிறோம். அமெரிக்காவிலும், ஐரோப்பாவிலும் பலர், பல்லியைக் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கின்றனர். அவற்றில் ஒன்று, 'மோர்னிங் கெக்கோ'. 'துக்கம் காக்கும் பல்லி' என்று பொருள். வாலையும் சேர்த்து, சுமார் 10 செ.மீ., நீளம் தான் இருக்கும். பசிபிக் தீவுகளில் நிறைய உண்டு, இலங்கையிலும் உண்டு.

இதில் ஒரு விந்தை, இந்தப் பல்லிகள் ஏறக்குறைய எல்லாமே பெண்கள். ஆண் துணை இல்லாமலேயே முட்டையிடும். பிறக்கும் குஞ்சு, தாயின் அச்சு அசல் நகல்!

பெரும்பாலும் ஒரு தடவைக்கு இரண்டு முட்டை. அவற்றைக் கண்ணாடியிலோ, இலையிலோ, மூங்கில் துண்டிலோ ஒட்டி வைக்கும். பிய்த்து எடுக்கப் போனால் உடைந்து விடும். குஞ்சு வளர்ந்ததும், அதுவும் தனியாகவே முட்டையிடத் துவங்கும்.

'மலிவான பல்லி, வளர்ப்பது சுலபம், ஜோடி தேவையில்லை' என்று சொல்லி விற்பார்கள். அத்தனையும் உண்மை தான். ஆனால், 'ஒன்று வாங்கினால், நாளை இருபது ஆகலாம். அத்தனைக்கும் இடமும், தீனியும் தர முடியுமா?' என்பதையும் விற்பவர் சொல்ல வேண்டும். வாங்குபவர் கேட்க வேண்டும். விலை குறைவு என்பதால், பொறுப்பும் குறைந்து விடாது.

'அதிகமானால் வெளியே விட்டு விடலாமே' என்பீர்கள். அங்கு தான் ஆபத்து! பெரும்பாலான விலங்குகள் பெருக, ஆணும், பெண்ணும் வேண்டும். இதற்கோ, தொட்டியின் இடுக்கு வழியே தப்பிய ஒரே ஒரு குஞ்சு போதும்.

புதிதாக வரும் உயிரினம் என்ன செய்யும் என்பதற்கு, நம் வீட்டுப் பல்லியே சாட்சி. ஆசியாவில் இருந்து கப்பல் சரக்குகளோடு ஹவாய் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது அது. விளக்கைச் சுற்றி வரும் பூச்சிகளை, அதுவே முந்திக் கொண்டு தின்றது. அதற்கு முன் அங்கிருந்த துக்கப் பல்லிக்கு இரை குறைந்தது; கட்டடங்களில் அதன் எண்ணிக்கையும் சரிந்தது. 1993ல், விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து எழுதினர்.

அதற்காக, வளர்ப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தொட்டியில் தானாகவே பெருகுவதால், காட்டில் இருந்து பிடித்து வர வேண்டியதில்லை. அது நல்லது தானே? தொட்டியை இடுக்கில்லாமல் மூடி, முட்டைகளை எண்ணிக் கவனிப்பவர் வளர்க்கட்டும்.

நீங்கள் பல்லி வாங்கப் போவதில்லை. ஆனால், 'கப்பி' மீனோ, முயலோ கேட்டு, அப்பாவிடம் அடம் பிடிப்பீர்கள். வாங்கும் முன், கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை ஆண்டு வாழும்? எத்தனையாகப் பெருகும்? பெருகினால் யார் வாங்கிக் கொள்வார்கள்? பதில் கிடைத்த பின், காசைக் கொடுங்கள். மீந்ததைக் குளத்திலோ, தோட்டத்திலோ விட்டு விடாதீர்கள்.

என்ன செல்லங்களே, கேட்பீர்கள் தானே?