பழைய தேக்குக்கு இன்னொரு வீடு



புதுக் குடித்தனம் வைக்கப்போகும் பிள்ளைகளையும் வாடகை வீடு மாறுகிறவர்களையும் மனதில் வைத்து இந்த வீட்டுச் சிறப்பிதழைத் தயாரித்திருக்கிறோம். அவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். கட்டில், பீரோ, மேசை வாங்கக் கடையேறுமுன் பழைய சாமானையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டால் ஊதிப்போகும். அதன்பின் அதைத் தூக்கித்தான் போட வேண்டும். நல்ல தேக்கில் செய்தது அப்படியல்ல. கழற்றலாம், இழைக்கலாம், மறுபடி பூட்டலாம்.

இந்தத் தேடலுக்குக் கல்கத்தா போல வாகான ஊர் குறைவு. 1911 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகராக இருந்த ஊர் அது. அதிகாரிகளும் வணிகர்களும் ஜமீன்தார்களும் பெரிய பெரிய வீடுகள் கட்டினார்கள்; பர்மாவிலிருந்து கப்பலில் தேக்கு வந்து இறங்கியது. அந்த வீடுகளுக்கென்று செய்த கால் உயர்ந்த கட்டில்களும், ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரிகளும், பிரம்புப் பின்னல் போட்ட சாய்வு நாற்காலிகளும் பிறகு கைமாறத் தொடங்கின. 1947-இல் ஊர் திரும்பிய ஆங்கிலேயர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். கூட்டுக் குடும்பங்கள் பிரிந்தபோதும், பழைய வீட்டை இடித்து அடுக்ககம் எழுப்பியபோதும் இன்னும் பல சாமான்கள் வெளியே வந்தன.

அவை போய்ச் சேர்ந்த இடங்களில் ரஸ்ஸல் தெரு முக்கியமானது. பார்க் தெருவிலிருந்து பிரியும் அந்தத் தெருவிலும் அக்கம்பக்கத்திலும் ஒரு காலத்தில் ஏலக்கடைகள் பல இருந்தன. இன்று மிஞ்சியவை சில. அவற்றில் 1940-இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்குப் பேர்போனது. கிராமபோனும் சரவிளக்கும் பீங்கான் தட்டும் மேசையும் ஒரே கூரையின் கீழ் குவிந்திருக்கும். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அது எட்டாத தூரமுமில்லை.

ஏலத்தில் நிதானம் வேண்டும். முன்கூட்டியே போய்ச் சாமானைத் தொட்டுப் பாருங்கள். நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பொருத்து தளர்ந்திருக்கிறது, ஆனால் அது தச்சருக்குச் சின்ன வேலை. இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து அடிப்பலகையைத் திருப்பிப் பாருங்கள். மேலே பாலிஷ் எதையும் மறைக்கும், அடிப்பக்கம் மறைக்காது. கட்டில் பிரித்து மாட்டக்கூடியதா, உங்கள் மாடிப்படித் திருப்பத்தில் நுழையுமா என்று அளந்துகொள்ளுங்கள். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, பாலிஷ் கூலி எல்லாவற்றையும் கூட்டிய பிறகே உங்கள் உச்ச விலையை முடிவு செய்யுங்கள். கூட்டத்தின் வேகத்தில் அதைத் தாண்டாதீர்கள்.

வாங்கிய சாமான் வீட்டுக்கு வந்ததும் அதை உடனே உள்ளறையில் சேர்க்க வேண்டாம். பால்கனியிலோ கூடத்தின் ஓரத்திலோ வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் சில நாள் நிறுத்தி வையுங்கள். தாளில் மாவு போலப் புதிதாகத் தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. மருந்து வைத்த பிறகே மற்ற மரச்சாமான்களின் பக்கத்தில் வைக்கலாம். பழைய பெயின்ட் அடித்த சாமானாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017-இல்தான். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

பழைய தேக்குக்குப் பழைய பாலிஷே பொருத்தம். அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, அதில் நனைத்து வட்டம் வட்டமாகத் தேய்ப்பார் மிஸ்திரி. ஸ்பிரிட் நொடியில் பறந்துவிடும்; கண்ணுக்குத் தெரியாத ஏடாக அரக்கு மட்டும் மரத்தில் நிற்கும். அதன்மேல் இன்னொரு ஏடு, அதன்மேல் இன்னொன்று. கை ஓய ஓய மரத்தின் வரிகள் எழுந்து வரும். அந்த அரக்கு வெகுதொலைவிலிருந்தும் வருவதில்லை. புருலியாவிலும் ஜார்க்கண்டிலும் பலாசு, இலந்தை மரங்களில் சிறு பூச்சிகள் சுரப்பது அது. அதை ஆராய்வதற்கென்றே 1924-இல் ராஞ்சிக்கு அருகே நாம்குமில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். பாலிஷ் வேலையை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். கல்கத்தாவின் ஈரக்காற்றில் பாலிஷ் வெள்ளை பூத்துவிடும். கார்த்திகை முதல் மாசிவரை நல்ல பருவம். ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பாலிஷ் சூடு தாங்காது. காபி டம்ளரை நேரடியாக வைத்தால் வெள்ளை வளையம் விழும். மேசைக்கு ஒரு விரிப்பு போட்டுவிடுங்கள்.

தொய்ந்த பிரம்பு இருக்கையையும் அவசரப்பட்டு அறுத்தெறிய வேண்டாம். பின்னல் அறுபடாமல் இருந்தால், அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்துக் காற்றில் உலர விடுங்கள், பெரும்பாலும் இறுகிவிடும். அறுந்திருந்தால் பின்னத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அந்தக் கைவேலைக்கு அவர் கேட்கும் கூலி நியாயமானது. பேரம் பேசிக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்பார் இல்லாமல் போனால் அவர் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்.

கல்கத்தாவில் இல்லாதவர்கள் இது நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். அதே பர்மாத் தேக்கு செட்டிநாட்டுக்கும் வந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பரணிலோ ஊரில் பூட்டிய அறையிலோ தாத்தாவின் எழுதுமேசை ஒன்று கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒரு தச்சரை அழைத்துக் காட்டுங்கள். சரிசெய்து கூடத்துக்குக் கொண்டுவந்த சாமான் ஏதாவது உங்களிடம் இருந்தால், அதன் படத்தையும் அதைச் செப்பனிட்டவரின் பெயரையும், அவர் சம்மதத்தோடு, எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் மகிழ்ச்சியோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்