வந்த வேலையை மட்டும் பார்க்காதே

பொறியியல் முடித்துப் பெங்களூருக்கு பஸ் ஏறும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் தவறாமல் சொல்லப்படும் புத்தி ஒன்று உண்டு: "போன இடத்துல வந்த வேலையை மட்டும் பாரு." ஊர் விவகாரம் நமக்கு வேண்டாம், நாலு காசு சேர்த்துச் சொந்த வீடு வாங்கிய பிறகு பொதுக்காரியத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் விரிவுரை. அக்கறையோடு சொல்லப்படுவதாலேயே இதை யாரும் மறுப்பதில்லை. நான் மறுக்கிறேன். இந்தப் புத்திமதி பிள்ளைக்கும் கேடு, அந்தப் பிள்ளை போய்ச் சேரும் ஊருக்கும் கேடு.

வேலை வேறு, ஊர் வேறு என்று பிரித்துவிடலாம் என்ற நம்பிக்கைதான் இதற்கு அடித்தளம். 2022 செப்டம்பரில் பெங்களூரின் அவுட்டர் ரிங் ரோடு வெள்ளத்தில் மூழ்கியபோது அந்த நம்பிக்கையும் சேர்ந்து மூழ்கியிருக்க வேண்டும். ஏரிகளை இணைத்த ராஜகால்வாய்களை நெருக்கிக் கட்டியதன் பலனாக, ஐடி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். 2024 கோடையில் தண்ணீர் இல்லை. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. காவிரிக் குழாய் எட்டாத புறநகர்களில் டேங்கரை நம்பித்தான் அடுப்பெரிந்தது. புதிதாக வரும் இளைஞர்கள் வாடகைக்குக் குடியேறுவது பெரும்பாலும் அங்கேதான். பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கித் தீப்பிடித்ததும் டெக் பார்க்குகளின் கண்ணெதிரேதான். வேலையை மட்டும் பார்த்தவர்களை ஊரின் கேடு விட்டுவைத்ததா?

இதற்கெல்லாம் யாரைக் கேட்பது? மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் தேர்தலே நடக்கவில்லை. 2025-ல் அந்த மாநகராட்சிக்குப் பதிலாக ஐந்து மாநகராட்சிகள் வந்தன. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரம், வார்டுக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் இத்தனை ஆண்டுகளைக் கழித்தது. படித்த இளைஞர்கள் பெரும்பாலானோர் அதை ஒரு குறையாகவே உணரவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். 2024 மக்களவைத் தேர்தலில் பெங்களூர் வடக்கு, மத்திய, தெற்குத் தொகுதிகள் மூன்றிலும் வாக்குப்பதிவு 55 சதவீதத்தைத் தொடவில்லை.

"புதுசா வந்தவங்க என்ன செய்ய முடியும்?" என்பார்கள். ஆனந்த் மல்லிகவாட் என்ன செய்தார் என்று பாருங்கள். வடகர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கு வந்த மெக்கானிக்கல் என்ஜினியர். வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. நீரியல் படித்தவர் அல்லர். ஆனேக்கல் பக்கம் வறண்டு கிடந்த 36 ஏக்கர் கியாலசனஹள்ளி ஏரியைத் தூர்வார வேண்டும் என்று தன் கம்பெனியிடமே போய் நின்றார். சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பணம் வாங்கினார். சோழர் கால ஏரி நுட்பங்களைத் தேடிப் படித்தார். ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு 2017-ல் சுமார் ஒன்றரை மாதத்தில் வண்டலை அள்ளி, கரையைப் பலப்படுத்தி, அள்ளிய மண்ணிலேயே பறவைகளுக்குத் தீவுகள் அமைத்தார். மழை வந்தது, ஏரி நிறைந்தது. பிறகு வேலையை விட்டுவிட்டு ஏரிகளையே வாழ்க்கையாக்கிக்கொண்டார்.

எல்லோரும் வேலையை விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த முதல் ஏரியைத் தூர்வாரியபோது அவரும் சம்பளக்காரர்தான் என்பதைத்தான் சொல்கிறேன். நீர் எந்தப் பக்கம் சரிகிறது, எத்தனை லோடு மண், கரையின் அகலம் என்ன, யாரிடம் அனுமதி வாங்குவது, யாருடைய சம்மதம் இல்லாமல் ஒரு கூடை மண்கூட நகராது: இதுவும் பொறியியல்தான். அலுவலகத்தில் திரைக்கு முன் உட்கார்ந்து பத்து வருடம் ஓட்டினாலும் கிடைக்காத தேர்ச்சி இது. அதற்காக, பனியன் அணிந்து ஒரு சனிக்கிழமை மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதை நான் பொதுக்காரியம் என்று சொல்லமாட்டேன். அந்தக் கன்றுக்கு ஏப்ரலில் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதுதான் கேள்வி.

பெற்றோரின் பயத்தில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். 2016 செப்டம்பர் காவிரிக் கலவரத்தில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் வரிசையாக எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அவர்கள். 1991 காவிரிக் கலவரத்தை நேரில் கண்டவர்களும் இருக்கிறார்கள். "வெளியூர்ல வம்பு வேணாம்" என்று அவர்கள் சொல்வது வெறும் பேச்சல்ல. ஆனால் ஒதுங்கி வாழ்வது பாதுகாப்பு என்று அதிலிருந்து முடிவெடுப்பது தவறு. கன்னடத்தில் நாலு வார்த்தை பேசாமல், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல், தெருக்கூட்டும் பௌரகார்மிகப் பெண்ணின் முகம்கூடப் பார்க்காமல் மூன்று வருடம் இருந்தவருக்கு, ஊர் கொதிக்கும் நாளில் கதவைத் திறந்துவிட யார் இருப்பார்கள்? ஞாயிறு காலையில் ஏரிக்கரையில் கூடமாட நின்று குப்பை பொறுக்கிய பிள்ளையை அந்தத் தெரு தன் பிள்ளையாக அறியும். ஹலசூரிலும் சிவாஜிநகரிலும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வேர்விட்டது அக்கம்பக்கத்தோடு கலந்து வாழ்ந்ததால்தான்.

நேரமில்லை என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. மாதத்தில் ஒரு காலைப்பொழுது இல்லாத இளைஞர் யாருமில்லை.

ஓட்டுக்கு வருவோம். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அந்த ஊரில் ஓட்டு கிடையாது என்று இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதே சட்டம். வீடு சொந்தமா வாடகையா என்று அது கேட்பதில்லை. இடம் மாறியவர்களுக்கென்றே படிவம் 8 இருக்கிறது. வீட்டிலிருந்தே அனுப்பலாம்.

தம்பி, தங்கச்சி, இந்த மாதமே அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். உங்கள் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று விசாரியுங்கள். பெற்றோரே, தடுக்காதீர்கள்.